பூர்வகுடி மாணவர்களுக்குத் தனி வீடு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் படிக்கிறாள். போன மே மாதம் அங்கே செவ்விந்திய மாணவர்கள் நடத்திய 'பவ்வாவ்' விழாவை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள். நன்றாக இருந்தது. ஆனால் வளாகத்தில் அவர்களுக்கென்று தனி வீடே இருக்கிறதாம். படிக்க வந்த இடத்தில் இப்படி ஒதுங்கிக்கொள்வது சரியா?

கே., கோவை

அன்புள்ள கே.,

அந்தக் கல்லூரிக்குப் பணம் வந்த கதையைச் சொன்னால் பாதி பதில் கிடைத்துவிடும்.

சாம்சன் ஆக்கம் என்றொரு பாதிரியார், மொஹீகன் என்ற பூர்வகுடி இனத்தவர். (நம் 'ஆக்கம்' போலவேதான் ஒலிக்கும்.) தன் ஆசிரியர் எலியேசர் வீலாக் நடத்திய பூர்வகுடிப் பள்ளிக்காக 1766இல் பிரிட்டன் போய், ஊர் ஊராகப் பிரசங்கம் செய்து சுமார் 12,000 பவுண்டு திரட்டினார். குடும்பத்தை வீலாக் பார்த்துக்கொள்வார் என்று நம்பிப் போனவர், 1768இல் திரும்பியபோது மனைவி மக்கள் வறுமையில் கிடந்தார்கள். மறு வருடம் வீலாக் டார்ட்மத்தைத் தொடங்கினார். சாசனத்தில் பூர்வகுடி இளைஞர்களின் கல்விதான் முதலில் இருக்கிறது, ஆங்கிலேய இளைஞர்கள் அதற்குப் பிறகுதான். வகுப்பில் உட்கார்ந்தவர்களோ வெள்ளையர்கள். படித்த கல்லூரியை லத்தீனில் 'ஆல்மா மேட்டர்' என்பார்கள், ஊட்டி வளர்க்கும் தாய் என்று பொருள். இவள் 'ஆல்பா மேட்டர்', வெள்ளைத் தாய், ஆகிவிடுவாள் போலிருக்கிறதே என்று 1771இல் ஆக்கம் வீலாக்குக்குக் கடிதம் எழுதினார். இதைவிடச் சுருக்கமாக யாரும் திட்டிவிட முடியாது.

முதல் 200 வருடங்களில் பட்டம் பெற்ற பூர்வகுடியினர் இருபது பேர்கூட இல்லை. ஆனால் விளையாட்டு அணியை மட்டும் 'இந்தியன்ஸ்' என்றே அழைத்தார்கள். பழைய வாக்கை எடுத்துத் தூசி தட்டியவர் 1970இல் கல்லூரித் தலைவரான ஜான் கெமெனி, பேசிக் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். அப்புறம்தான் எல்லாம்: 1972இல் பூர்வகுடி ஆய்வுத் துறை, 1973இல் பவ்வாவ்.

இனி அந்த வீடு. வெளிநாட்டில் நம்மவர்கள் தமிழ்ச் சங்கம் வைத்தால் ஒதுங்குகிறார்கள் என்று நாம் சொல்வதில்லை. இத்தனைக்கும் நாம் அங்கே வந்தேறிகள். இவர்களுக்கு அது சொந்தக் கண்டம். கல்லூரி நிற்பதே அபெனாகி மக்களின் நிலத்தில். அங்கே இருந்துகொண்டு, 'உங்கள் ஆட்கள் இன்னும் இருக்கிறார்களா?' என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வகுப்பில் எல்லாரும் பொதுவாக 'இந்தியர்'; வீட்டுக்குள் வந்தால்தான் ஒருவர் நவஹோ, ஒருவர் லகோட்டா, ஒருவர் செரோக்கி. மொழி வேறு, சாப்பாடு வேறு, சடங்கு வேறு. ஒரே மாதிரியானவர்கள் கூடும் இடம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, அவர்கள் வேறுவேறாக இருக்க முடிகிற இடம் அதுதான் என்று தோன்றுகிறது.

வரும் மே மாதமும் மகளைப் போகச் சொல்லுங்கள். நடுவில் அறிவிப்பாளர் 'இன்டர்டிரைபல்' என்று கூப்பிடுவார். அந்தப் பாட்டுக்குப் பார்வையாளர்களும் வட்டத்துக்குள் இறங்கி ஆடலாம். கூச்சப்பட வேண்டாம். ஆடுகிறவர்களின் உடையை மட்டும் 'காஸ்ட்யூம்' என்று சொல்லிவிட வேண்டாம், அதற்கு 'ரெகாலியா' என்று பெயர்.