சட்டை மட்டும் மாறுகிற ஆல்பம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

படங்களை ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி வைக்கிற ஸ்க்ராப்புக் ஆல்பம் செய்யலாம் என்று ஆசையாகத் தாள், பசை எல்லாம் வாங்கி வைத்தேன். படங்களை அடுக்கிப் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது. வரிசையாக நின்று சிரிக்கிறோம். சட்டை மட்டும்தான் மாறுகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

சட்டை மட்டும்தான் மாறுகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது. படம் எடுப்பது என்றாலே, செய்துகொண்டிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பது என்று ஆகிவிட்டது. ஆல்பத்துக்கு வேண்டியதோ, அப்படிப் போட்டுவிட்டு வந்தார்களே, அந்த வேலைதான்.

பாட்டி ஊசியில் நூல் கோக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘பாட்டி, இங்கே பாருங்க’ என்று கூப்பிட்டால் போச்சு. ஊசியைக் கீழே வைத்து, தலையைத் தடவிச் சரிசெய்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதனால் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். முதலில் அறை வாசலில் நின்று ஒன்று எடுங்கள்: ஜன்னல், நாற்காலி, அதில் சின்னதாகப் பாட்டி. அப்புறம் கிட்டே போய் இடுப்புக்கு மேலே ஒன்று. அடுத்தது கைகள் மட்டும்: நூலை முறுக்குகிற விரல்கள், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்த ஊசி. மூக்கு நுனிக்கு இறங்கிவிட்ட கண்ணாடியையும் விடாதீர்கள். நூல் ஊசியின் காதுக்குள் நுழைந்த நொடியில் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வரும். ‘ஸ்மைல் ப்ளீஸ்’ சொல்லி யாரிடமும் வாங்க முடியாத சிரிப்பு அது. விரல் பட்டன் மேலேயே இருக்கட்டும்.

ஒரு பக்கத்துக்கு இது போதும். அறைப் படத்தைப் பெரிதாக ஒட்டி, கைகளையும் கண்ணாடியையும் ஓரத்தில் சின்னதாக வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் பிரின்ட் போட்டு ஒட்டினால் பாஸ்போர்ட் படத் தாள் மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம். ஃபோனை நிமிர்த்திப் பிடித்தே பழகிவிட்டோம். சாய்த்துப் பிடித்தும் எடுங்கள். ஆளை ஒரு பக்கமாக வைத்து, மறுபக்கம் வெறும் சுவரோ வானமோ இருக்கிற மாதிரியும் சில படங்கள் வேண்டும். அந்தக் காலி இடத்தில்தான் நாளை நாலு வரி எழுதப் போகிறீர்கள்.

அப்படியானால் வரிசைப் படமே கூடாதா? தாராளமாக எடுங்கள், நிகழ்ச்சிக்கு ஒன்று. யார் யார் வந்தார்கள் என்ற சண்டை வரும்போது அதுதான் சாட்சி.

எங்கள் வீட்டுப் பொடியன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். வீட்டுக்குள் எடுத்தால் எல்லாமே கலங்கலாக வருகிறது. ஃபிளாஷ் போட்டால் கண் சிவந்துபோகிறது.
— ஒரு தாத்தா

பேரன் மேல் தப்பில்லை, வெளிச்சம் போதவில்லை. வெளிச்சம் குறையக் குறைய கேமரா அதிக நேரம் எடுத்துக்கொண்டு படத்தைப் பதியும். அதற்குள் அவன் அடுத்த அறைக்குப் போயிருப்பான். ஓடுகிற குழந்தைக்கு ஷட்டர் வேகம், அதாவது கேமரா படத்தைப் பதிய எடுத்துக்கொள்ளும் நேரம், 1/250 நொடியோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும். இரவு நேர வீட்டு விளக்கில் அது சுலபமாகக் கிடைக்காது. அவனை நிறுத்தப் பார்க்காதீர்கள், விளையாட்டை நகர்த்துங்கள். பகலில் பொம்மைகளை ஜன்னலோரம் கொட்டிவிட்டால் தானாக வந்து உட்காருவான். ஜன்னல் அவனுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கன்னத்தில் ஒரு பக்கம் மஞ்சளடிக்கும். முழங்கால் ஒத்துழைத்தால் நீங்களும் தரையில் உட்கார்ந்து அவன் கண் உயரத்துக்குக் கேமராவைக் கொண்டுவாருங்கள். நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும்.

சிவப்புக் கண் பயப்படுகிற விஷயம் இல்லை. மங்கலான அறையில் கண்பாவை விரிந்திருக்கும். லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கும் ஃபிளாஷின் வெளிச்சம் அது வழியே நேராக உள்ளே போய், கண்ணின் பின்பக்க ரத்த நாளங்களில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்தச் சிவப்புதான் தெரிகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் ஃபிளாஷே தேவைப்படாது.

ஆல்பத்துக்காக நல்ல கேமரா வாங்கலாமா?
— வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர்

கையில் இருக்கிற ஃபோன் போதும், தம்பி. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது பொதுக் கணக்கு. 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 புள்ளி. 12 மெகாபிக்சல் ஃபோன் ஏறக்குறைய 4000க்கு 3000 தருகிறது. ஆல்பத்தின் முழுப் பக்கத்துக்கே அது தாராளம். ஆனால் எடுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். ‘என் ஃபோனில் படம் புகை படிந்த மாதிரி வருகிறது’ என்று என்னிடம் கொண்டுவருகிறவர்களுக்கு நான் செய்யும் முதல் ரிப்பேர் அதுதான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே பிரின்டுக்குக் கொடுக்காதீர்கள், அது சுருங்கி வந்திருக்கும். அனுப்புகிறவரை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

குரூப் போட்டோ எடுத்தால் யாராவது ஒருவர் கண்ணை மூடிவிடுகிறார். ஓரத்தில் நிற்கிற அத்தை, ‘என்னைக் குண்டாக்கிவிட்டாய்’ என்று கோபப்படுகிறார்.
— கல்லூரி மாணவி

அத்தையின் கோபம் நியாயமானதே. ஃபோனின் சாதாரண லென்ஸ் அகலமானது. கிட்டத்தில் நின்று எடுத்தால் ஓரத்தில் இருப்பவர்களை இழுத்துக் காட்டும். சில அடி பின்னால் போய், ஃபோனில் 2 மடங்கு (2x) லென்ஸ் இருந்தால் அதில் எடுங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள். அத்தையை நடுவில் உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

கண்ணுக்கு ஒரு பழைய ஸ்டுடியோ வழி இருக்கிறது. எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். ‘ஒன்று, இரண்டு’ எண்ணி, ‘மூன்று’ என்றதும் திறக்கச் சொல்லி, உடனே மடமடவென்று நாலைந்து எடுத்துவிடுங்கள். உச்சி வெயில் வேண்டாம், கண் குழியில் நிழல் விழும். கட்டிட நிழலுக்கு நகர்த்துங்கள். மர நிழல் என்றால் இலைகளுக்கு நடுவே விழும் வெயில் பொட்டு யார் மூக்கில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோனில் முழுதாகத் தெரிகிற தலை, பிரின்டில் வெட்டுப்பட்டு வருகிறது. லேபில் கேட்டால் மழுப்புகிறார்கள்.
— ஒரு வாசகர்

மழுப்பாமல் சொல்லியிருக்கலாம், சின்ன விஷயம். உங்கள் ஃபோன் படம் 4க்கு 3 என்ற விகிதம். பிரின்ட் தாள் 6க்கு 4. சாய்த்துப் பிடித்து எடுத்த படத்தைத் தாள் நிரம்பப் போட்டால், உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெளியே போகும். மேலே தலை, கீழே பாதம். நிமிர்த்தி எடுத்ததில் இரண்டு பக்கமும் குறையும். எடுக்கும்போதே தலைக்கு மேல் கொஞ்சம் காற்று விடுங்கள். அல்லது வெள்ளை ஓரம் விட்டு முழுப் படத்தையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஸ்க்ராப்புக்கில் அந்த ஓரத்தைக் கத்தரிப்பது ஒரு வேலையே இல்லை.

கேமராவைக் கண்டாலே மாமனார் விறைத்துவிடுகிறார்.
— ஒரு மருமகள்

கையில் எதையாவது கொடுத்துவிடுங்கள். பேத்தியின் உடைந்த பொம்மை, பழைய ஆல்பம், எது வேண்டுமானாலும். ஒரு கிளிக் ஆனதும் ‘முடிஞ்சது மாமா’ என்று சொல்லிவிட்டு, ஃபோனை இறக்காமல் இருங்கள். அவர் மூச்சை விடுவாரே, அப்போது எடுங்கள்.

எங்கள் ஆல்பத்தில் நான் மட்டும் இல்லை. எடுப்பதே நான்தான்.
— இரண்டு பிள்ளைகளின் அம்மா

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. டைமர் இருக்கிறது, உபயோகியுங்கள். அதைவிட, ஃபோனைப் பிள்ளையிடம் கொடுங்கள். படம் கோணலாக வரும், விரல் பாதியை மறைக்கும், திருத்தாமல் ஒட்டுங்கள். அவன் உயரத்திலிருந்து நீங்கள் எப்படித் தெரிகிறீர்கள் என்பதை வேறு யாராலும் எடுக்க முடியாது. ‘முடி கலைஞ்சிருக்கு’ என்று அழிக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

அப்பாவின் பழைய ஒட்டு ஆல்பத்திலிருந்து படங்களை எடுத்துப் புதிய ஆல்பத்துக்கு மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் இறுக ஒட்டிக்கொண்டிருக்கின்றன.
— ஒரு வாசகர்

அவசரம் வேண்டாம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே படம் எடுத்து வையுங்கள். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதும் தெரிய வேண்டும், கிழிந்தாலும் நகல் இருக்கும். பிறகு பிளாஸ்டிக் தாளை மெதுவாக உயர்த்தி, பல் இடுக்கு சுத்தம் செய்கிற நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். படத்தை வளைக்காதீர்கள். அசையவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நகலே போதும்.

புதிய ஆல்பத்துக்கு அமிலமில்லாத தாள் கேளுங்கள். பிளாஸ்டிக் உறை என்றால் பிவிசி வகை கூடாது. பாலிப்ரொப்பிலீனோ பாலியஸ்டரோ இருக்கட்டும். படத்தை நேராக ஒட்டாமல் மூலை ஒட்டிகளில் செருகினால், அடுத்த தலைமுறைக்கு இந்த நூல் வேலை மிச்சம். பின்பக்கம் பெயரும் வருடமும் மென்மையான பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் காட்டும். அப்பா இருக்கிறார் என்றால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே எழுதுங்கள். ‘இடதுபுறம் நிற்பவர் யார்’ என்று கேட்க வேண்டியிருக்கும்.