வாசகர் கேள்வி - பதில்: கேமில் இருக்கும் மண்ணுக்கு ஒரு கணக்கேடு

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு விவசாய கேம் உருவாக்கி வருகிறோம். ஒரே வயலில் அதே பயிரை மறுபடியும் விதைத்தால் மகசூல் 20 சதவீதம் குறையும், பயிரை மாற்றினால் 10 சதவீதம் கூடும் என்று விதி வைத்திருக்கிறோம். ஆடிப் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டே பயிர்களை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, மண்ணைப் பற்றி யோசிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இதை உண்மைக்கு நெருக்கமாக்க எங்கே தொடங்குவது?

பதில்: அந்த இரண்டு சதவீதங்களையும் அழிப்பதிலிருந்து தொடங்குங்கள். பயிரை மாற்றினால் கிடைக்கும் பலன், முன்னால் நின்ற பயிர் மண்ணிலிருந்து எதை எடுத்துக்கொண்டு போனது, எதை விட்டுவிட்டுப் போனது என்பதன் விளைவு. அதைத் தனியாக ஒரு போனஸாக ஒட்டவைத்தால், ஆடுபவர் அந்த போனஸை மட்டும்தான் பார்ப்பார். ஆகவே ஒவ்வொரு வயலுக்கும் 'கடைசியாக விளைந்த பயிர்' என்று ஒரு பெயரைச் சேமித்து வைப்பதை விட்டு, தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) ஆகிய மூன்றுக்கும் வரவு செலவுக் கணக்கு எழுதுங்கள்.

செலவுக் கணக்குக்கு எண்கள் இருக்கின்றன. ஒரு டன் கோதுமை மணி வயலை விட்டுப் போகும்போது ஏறக்குறைய 20 கிலோ நைட்ரஜனையும், 3 முதல் 4 கிலோ பாஸ்பரஸையும், 4 முதல் 5 கிலோ பொட்டாசியத்தையும் கொண்டுபோகிறது. உருளைக்கிழங்கு வேறு மாதிரி: ஒரு டன் கிழங்கில் 4 முதல் 5 கிலோ பொட்டாசியம் இருக்கும் என்பதால், எக்டேருக்கு 40 டன் எடுத்தவர் ஒரே அறுவடையில் 160 முதல் 200 கிலோ சாம்பல்சத்தை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். கோதுமையிலும் சாம்பல்சத்தின் பெரும்பகுதி தாளில்தான், அதாவது வைக்கோலில்தான், தங்கியிருக்கிறது. இதை மட்டும் கேமில் சேர்த்துவிட்டால், தாளைக் கட்டி விற்பதா, வயலிலேயே விடுவதா என்பது உடனே யோசித்து எடுக்க வேண்டிய முடிவாகிவிடும். புதிதாக ஒரு விதிகூடத் தேவைப்படாது.

மகசூலைக் கணக்கிடும்போது மூன்று சத்துகளையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். ஜெர்மன் வேதியியலாளர்களான கார்ல் ஷ்பிரெங்கல் முன்வைத்து, பின்னர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் உலகறியச் செய்த கொள்கை, தேவையோடு ஒப்பிடுகையில் எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கிறது என்பது. நிரலில் இது ஒற்றை வரி: ஒவ்வொரு சத்துக்கும் மண்ணில் இருப்பதைப் பயிரின் தேவையால் வகுத்து, வரும் மூன்று விகிதங்களில் சிறியதை எடுத்துக்கொள்ள வேண்டும். தழைச்சத்தைக் கொட்டிக்கொண்டே இருப்பவர், சாம்பல்சத்து தீர்ந்துபோன வயலில் ஏன் பலன் இல்லை என்று தேடத் தொடங்குவார்.

கேள்வி: சோயா அறுவடை முடிந்ததும் அந்த வயலுக்கு எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து சேருமாறு எழுதியிருக்கிறோம். இது சரிதானா?

பதில்: சரியில்லை, பயறு வகைகளைச் சேர்க்கும் கேம்களில் இதுதான் எளிதில் நேர்ந்துவிடும் பிழை. வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்பதை ஜெர்மன் விஞ்ஞானிகளான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880களில் நிறுவினார்கள். ஆனால் பிடித்த நைட்ரஜன் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு டன் சோயா மணியில் ஏறக்குறைய 60 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. எக்டேருக்கு 3 டன் அறுத்தால் 180 கிலோ வெளியே போய்விடுகிறது. செடியோ தன் மொத்தத் தேவையில் பாதியை அல்லது அதற்குச் சற்று மேலாகத்தான் காற்றிலிருந்து பெறுகிறது, மீதியை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே மணியை அறுத்து விற்ற வயலில் கணக்கு பெரும்பாலும் சமமாக நிற்கும், அல்லது சிறிது பற்றாக்குறையில் முடியும்.

அப்படியானால் சோயாவுக்குப் பின் வரும் மக்காச்சோளம் ஏன் செழிக்கிறது என்று கேட்பீர்கள். விடையின் ஒரு பகுதி, விட்டுச்சென்ற கழிவின் தன்மையில் இருக்கிறது. கோதுமைத் தாளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 80 பங்கு கார்பன் இருக்கும். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் விகிதமோ சுமார் 24க்கு ஒன்று. குறைபடும் நைட்ரஜனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வதால், அடுத்த பயிர் சில வாரங்கள் பட்டினி கிடக்கிறது. பயறு வகையின் இலைகளும் வேர்களும் இந்தக் கடனை அவ்வளவாக ஏற்படுத்துவதில்லை. ஆகவே ஒவ்வொரு பயிரின் கழிவுக்கும் கார்பன்–நைட்ரஜன் விகிதம் ஒன்றைக் குறித்துவிடுங்கள். சோயாவுக்கென்று தனி விதி எழுத வேண்டியதில்லை. குளோவர் என்ற பயறுக் குடும்பத்துத் தீவனச் செடி போன்ற பயிரைப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால் நிலைமை முற்றிலும் வேறு, அங்கே வரவு உண்மையாகவே பெரிது. அதற்கு விலையாக ஆடுபவர் ஒரு பருவத்து வருமானத்தை இழக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மண்ணில் நைட்ரேட் (செடி நேரடியாக உறிஞ்சக்கூடிய நைட்ரஜன் வடிவம்) ஏராளமாக இருந்தால் செடி முடிச்சுகளை வளர்க்காமல், கிடைப்பதை உறிஞ்சிக்கொள்ளும். எனவே பயறுக்கும் உரம் கொட்டுபவருக்குக் காற்றிலிருந்து கிடைக்கும் பங்கு சுருங்க வேண்டும். ஆடுபவர் ஒரு செடியைப் பிடுங்கி, மிளகளவு இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பார்க்கும்படி ஒரு காட்சி வையுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. எண் எழுதிய பெட்டியைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

கேள்வி: ஒரே பயிரைத் தொடர்ந்து வைத்தால் மகசூல் கடைசியில் பூச்சியத்துக்கு வர வேண்டாமா?

பதில்: வேண்டாம். இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்ற வயலில் 1843 முதல் கோதுமை விளைவிக்கிறார்கள். எந்த உரமும் இடாத பாத்தியில்கூட எக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாத்தியைத் தாங்குவதில் மட்கிலிருந்து (அழுகி மண்ணோடு கலந்த தாவரக் கழிவிலிருந்து) மெல்ல வெளிவரும் சத்துக்குப் பங்கு உண்டு. கேமில் இதைக் காட்ட, தழைச்சத்தை இரண்டு தொட்டிகளாகப் பிரியுங்கள்: பெரிய தொட்டியில் மட்கு, சிறிய தொட்டியில் பயிர் உடனே எடுக்கக்கூடிய நைட்ரேட். ஒரு எக்டேரின் மேல்மண்ணில் மட்கு 1 சதவீதம் இருந்தால் அதற்குள் ஏறக்குறைய 1,000 கிலோ நைட்ரஜன் அடங்கியிருக்கும். ஆண்டுக்கு அதில் 2 சதவீதம் திறந்தால் 20 கிலோ சிறிய தொட்டிக்கு வரும். சூடும் ஈரமும் இருந்தால் வேகம் கூடட்டும். கனமழை பெய்தால் சிறிய தொட்டியிலுள்ளது அடித்துச் செல்லப்படட்டும். மணற்பாங்கான மண்ணில் இந்த இழப்பு அதிகம், களிமண்ணில் குறைவு. மணிச்சத்து மண் துகளோடு ஒட்டிக்கொள்வதால் மழைநீரோடு அவ்வளவு எளிதில் இறங்கிப் போகாது.

சத்து ஒரு பக்கம் இருக்க, நோய்க்கு வேறு கணக்கு வேண்டும். கோதுமையைத் தொடர்ந்து வைக்கும்போது வேரைத் தாக்கும் 'டேக்-ஆல்' என்ற பூஞ்சை நோய் இரண்டாவது முதல் நான்காவது பயிர் வரை ஏறி, அதன்பின் மண்ணில் எதிர் நுண்ணுயிர்கள் பெருகுவதால் ஓரளவு தணிகிறது. முட்டைக்கோஸ் குடும்பத்தைத் தாக்கும் வேர்வீக்க நோயோ மண்ணில் பல ஆண்டுகள் காத்திருக்கும். உரத்தால் அதை விரட்ட முடியாது. முட்டைக்கோஸும் டர்னிப் என்ற கிழங்கும் ஒரே குடும்பம் என்பதால், இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது அந்த நோய்க்குச் சுழற்சியே ஆகாது. உங்கள் ஆட்டக்காரர்களின் இரண்டு பயிர் உத்தி இங்கேதான் உடையும்.

கேள்வி: இவ்வளவு எண்களையும் காட்டினால் ஆடுபவர்கள் ஓடிவிட மாட்டார்களா?

பதில்: காட்டாதீர்கள். அடி இலைகள் மஞ்சளாவது தழைச்சத்துக் குறை. அடி இலையின் ஓரம் கருகுவது சாம்பல்சத்துக் குறை. இளஞ்செடி ஊதாச் சாயலோடு குட்டையாக நிற்பது மணிச்சத்துக் குறை. இவற்றைப் படங்களாக வரையுங்கள். துல்லியமான எண் வேண்டுபவர் கேமில் காசு கொடுத்து மண் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அந்த முடிவும் ஒரு பருவம் கழிந்தால் பழையதாகிவிடட்டும்.

கேள்வி: எண்களைச் சரியாகப் பொருத்திவிட்டோமா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: ஆட்டக்காரர் இல்லாமல் 50 ஆண்டுகளை ஓடவிட்டு, உரமின்றிக் கோதுமையை மட்டும் விதைத்துப் பாருங்கள். மகசூல் முதலில் விழுந்து, பிறகு தாழ்ந்த ஓர் அளவில் நிலைத்து நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டால் மட்குத் தொட்டி மிக வேகமாகத் திறக்கிறது, அல்லது அறுவடை மிகையாக எடுக்கிறது. அடுத்து அதே வயலில் கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்ற பழைய நார்ஃபோக் நான்கு பயிர்ச் சுழற்சியை ஓட்டுங்கள். போனஸ் எதுவும் எழுதாமலேயே கோதுமை மகசூல் முதல் ஓட்டத்தைவிடத் தெளிவாக உயர்ந்து நின்றால், அந்தப் பதிப்பை ஆடிப் பார்க்கக் கொடுக்கலாம்.