துருத்தி ஊதிய சிறுவன்

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் தூர்மலே கணவாயை ஏறுகிறவர்களை டிவியில் பார்த்து அசந்துபோனேன். சுயமுயற்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? — ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: சுயமுயற்சி! இந்தச் சொல்லோடு எனக்கு ரொம்ப நாளாகச் சண்டை. பாராட்டு விழா மேடைகளில் 'தனி ஆளாக நின்று ஜெயித்தவர்' என்று யாரையாவது புகழும்போதெல்லாம், விடியற்காலையில் எழுந்து அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றும். எனக்குச் சாட்சி நீங்கள் சொன்ன அதே தூர்மலேயில் இருக்கிறது.

பிரான்சின் பிரனீஸ் மலையில் 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கும் கணவாய் அது. 1910இல் முதன்முதலாகப் பந்தயம் அந்த வழியே போனது. 1913இல் அங்கிருந்து இறங்கும்போது ஒஷேன் கிறிஸ்தோஃப் என்ற வீரரின் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவட்டை, அதாவது ஃபோர்க், ஒடிந்துவிட்டது. சைக்கிளைப் பழுதுபார்க்க யாரும் உதவக் கூடாது என்பது விதி. மனிதர் சைக்கிளைச் சுமந்துகொண்டு சுமார் 14 கிலோமீட்டர் நடந்தார். அடிவாரத்தில் செயின்ட் மரி த கம்பான் என்ற ஊர். அங்கே ஒரு கொல்லன் பட்டறையில், பந்தய அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஃபோர்க்கைச் சரிசெய்தார். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான்.

அதற்கு அபராதமாக அவர் எடுத்துக்கொண்ட நேரத்தோடு 10 நிமிடம் கூட்டினார்கள்! அப்புறம் மூன்றாகக் குறைத்தார்கள். குறைத்தாலும் எனக்கு ஆறவில்லை. உலை யாருடையது? சம்மட்டி யாருடையது? அந்த இரும்பு எங்கிருந்து வந்தது? அதெல்லாம் உதவிக் கணக்கில் சேரவில்லை, ஒரு பையன் ஊதிய காற்று மட்டும் சேர்ந்துவிட்டது. பல மணி நேரம் இழந்தும் கிறிஸ்தோஃப், பல கட்டங்களாகப் பல நாள் நடக்கும் அந்தப் பந்தயத்தை ஏழாவதாக முடித்தார். மொத்தக் கணக்கில் முன்னணியில் இருப்பவருக்குத் தரும் மஞ்சள் ஜெர்சியை 1919இல் முதன்முதலில் அணிந்தவரும் அவர்தான். அந்த முறையும் கடைசிக்கு முந்தைய கட்டத்தில் ஃபோர்க் உடைந்து வெற்றி கைநழுவியது. கடைசிவரை அவர் டூரை ஜெயிக்கவே இல்லை.

இன்று ஒரு அணிக்கு எட்டுப் பேர். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுக்கவும், எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் ஓட்டவும் தோழர்கள் உண்டு. மாற்றுச் சைக்கிளோடு பின்னால் காரே வருகிறது. அடுத்த ஜூலையில் டிவி பார்க்கும்போது முதலில் போகிறவரைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். பாதி மலைவரை அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டு, மூச்சு வாங்க ஓரமாக ஒதுங்குகிறாரே ஒருவர், அவரைப் பாருங்கள்.