கன்று ஈன்ற பசு முட்ட வருவது ஏன்?

கேள்வி: மூன்று ஆண்டுகளாகப் பிள்ளையைப் போல வளர்த்த எங்கள் பசு, ஐந்து நாட்களுக்கு முன் தலையீற்றாகக் கிடாரிக் கன்றை ஈன்றது. நேற்று தொழுவத்துக்குள் சென்ற என் மாமியாரைச் சுவரோடு தள்ளிவிட்டது. அப்போது வீட்டு நாயும் அவர் பின்னால் வந்திருந்தது. கண் பட்டுவிட்டது என்கிறார்கள் சிலர். கன்றைப் பிரித்துக் கட்டச் சொல்கிறார்கள் சிலர். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திருவட்டாறு

பதில்: மாமியாருக்கு அடி பலமில்லை என நம்புகிறேன். பசுவின் கோபம் பெரும்பாலும் அவர் பின்னால் வந்த நாயின் மேல்தான் இருந்திருக்கும். ஈன்ற பசுவுக்கு, எத்தனை பழகிய நாயானாலும் அது கன்றைத் தின்ன வந்த விலங்கே.

கன்று பிறப்புவழியை விரித்துக்கொண்டு வெளிவரும்போது தாயின் மூளையில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. மடியில் பாலை இறக்குவதும் அதே சுரப்புதான். அந்த நிலையில் கன்றை நக்கும்போது அதன் மணம் தாய்க்குள் பதிந்துவிடுகிறது. தன் கன்றைப் பிரித்தறியச் சில நிமிட நெருக்கமே போதும். பிறந்த முதல் சில நாட்கள் கன்றைப் புதர் மறைவில் படுக்கவைத்துவிட்டுத் தாய் சற்றுத் தள்ளி மேய்வது மாட்டின் இயல்பு. நம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலோ விளையிலோ அவிழ்த்துவிட்ட பசு ஈன்றால், கன்றைத் தேடி வீட்டார் அலைவதும், பசு ஒன்றும் அறியாததுபோல் வேறு பக்கம் பார்த்து நிற்பதும் இதனால்தான். தொழுவத்தில் கட்டிய பசுவால் கன்றை ஒளிக்கவும் முடியாது, கூட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. எஞ்சியிருக்கும் ஒரே வழி முட்டுவது.

ஒருமுறை குலசேகரம் பக்கம் ஒரு வீட்டில், கன்றின் தொப்புளில் அயோடின் தடவக் குனிந்த நான், தாய்க்கு முதுகைக் காட்டியபடி இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டேன். தீவனத் தொட்டிக்குள் விழுந்து எழுந்த பிறகுதான், அது தலையைத் தாழ்த்திச் சீறியதையும் முன்காலால் தரையைப் பறித்ததையும் நான் கவனிக்காமல் விட்டது நினைவுக்கு வந்தது. ஆகவே, கன்றைத் தாயின் கண்ணெதிரே, எட்டி நக்கும் தூரத்தில் கட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் எவரும் நுழைய வேண்டாம். நாயைத் தொழுவத்துப் பக்கமே விடாதீர்கள். தினமும் பால் கறப்பவர் மட்டும், வரும்போதே குரல் கொடுத்துக்கொண்டு, பசு பார்க்கும்படி பக்கவாட்டிலிருந்து அணுகட்டும். கன்றைக் கண்ணில் படாமல் பிரித்தால் பசு கதறும். மிரண்ட பசு பாலையும் அடக்கிக்கொள்ளும். இந்த மூர்க்கம் பொதுவாக நாளடைவில் தணிந்துவிடும்.

கண்ணேறு கழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மிளகாயைத் தொழுவத்துக்கு வெளியே சுற்றிப் போடுங்கள், நெருப்பும் புகையும் பசுவை இன்னும் மிரட்டும்.

ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். கன்றுக்காகச் சீறும் பசு, ஆள் விலகியதும் அடங்கித் தீவனத்தில் வாய் வைக்கும். அப்படியின்றிக் கண்டதையெல்லாம் முட்டி, எச்சில் ஒழுகி, குரல் கம்மி, தண்ணீரை விழுங்க முடியாமல் தவித்தால் வெறிநோய் (ரேபிஸ்) என்று ஐயுற வேண்டும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிடாமல், பாலைக் கறக்காமல், உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லை.