"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க"

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 34. நாகர்கோவில் பக்கம் ஊர். நர்ஸ். 2022 கடைசியில் வங்கதேசம் போனேன். காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகள் இருக்கும் குதுபலாங் முகாமில், ஒரு தொண்டு நிறுவனத்தின் சத்துணவு மையத்தில் வேலை. 2017இல் மியான்மரிலிருந்து உயிர்தப்பி ஓடிவந்தவர்களே ஏழு லட்சத்துக்கு மேல். இன்னும் மூங்கில், தார்பாய்க் குடிசைதான். வெளியே போய் வேலை பார்க்க அனுமதி கிடையாது, ரேஷனை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. 2023இல் அந்த ரேஷனும் தலைக்கு மாதம் 12 டாலரிலிருந்து 10, பிறகு 8 என்று இறங்கியது. பின்னால் கூட்டினார்கள் என்றாலும் அந்த மாதங்களை நான் மறக்கவில்லை.

குழந்தையின் மேல்கையை ஒரு நாடாவால் சுற்றி அளப்போம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. சிவப்பென்றால் கடலைப் பசைப் பொட்டலம் கிடைக்கும். பச்சைக்கு வந்து தேறிவிட்டால் நிறுத்திவிடுவோம். ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததை வீட்டில் மூன்று பிள்ளைகள் நக்குவது எங்களுக்கும் தெரியும். ஒருநாள் நாடாவை இழுக்கும்போது ஒரு தாய் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஆபா, இன்னும் கொஞ்சம் இறுக்குங்க" என்றாள். ஆபா என்றால் அக்கா. நான் இறுக்கவில்லை. பச்சை என்று எழுதினேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு என் சம்பளத்தில் ரகசியமாகப் பணம் கொடுக்கிறேன். விதிப்படி கூடாது. இப்போது லீவில் வந்திருக்கிறேன். சித்தி மகள் கல்யாணப் பந்தியில் அம்மா சோற்றை மிச்சம் வைத்து இலையை மூடினார். எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. யார் அழுதாலும் மனசு மரத்துக் கிடக்கிறது. "கை நிறைய சம்பளம், உனக்கென்ன குறை?" என்கிறார்கள். அடுத்த மாதம் திரும்ப வேண்டும். போகப் பயம், போகாவிட்டால் துரோகம் மாதிரி. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லாதவளா?

அன்புள்ள சகோதரிக்கு,

விரலைப் பிடித்துக் கெஞ்சியபோதும் சரியாக அளந்திருக்கிறீர்கள். அளவு பொய்யானால் உண்மையிலேயே சிவப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பொட்டலம் போகாது என்று உங்களுக்குத் தெரியும். லாயக்கு பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறர் துன்பத்தைப் பார்த்துப் பார்த்து வரும் களைப்பு உங்களிடம் இருக்கிறது. தூக்கம் போனதும் மனசு மரத்ததும் அதனால்தான். ஆனால் உங்களை அரிப்பது வேறொன்று. எது சரி என்று மனசுக்குத் தெரியும், வேலை பார்க்கும் இடத்தின் கட்டுதிட்டம் அதைச் செய்ய விடாது. இந்த நிலையை 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்பவர் நர்சுகளைப் பற்றி எழுதும்போது பெயரிட்டுச் சொன்னார். தமிழில் அறத்துயர் எனலாம். களைப்பு லீவில் கொஞ்சம் தணியும். இது லீவுக்கும் கூடவே வரும், பந்தி வரைக்கும்.

ரேஷனுக்கான நிதி எங்கோ தூரத்தில் குறைகிறது. அந்தத் தாய்க்குத் தெரிந்த முகமோ உங்களுடையது மட்டும். முழுப் பழியையும் நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். ரகசியப் பணத்தில் கருணை பாதி, அந்தப் பழிக்குக் கட்டும் அபராதம் பாதி என்று எனக்குப் படுகிறது. தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் குடிசைக்குத் தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கே சங்கடம். மேலதிகாரியிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். திட்டு விழலாம், விழட்டும். அதே மூச்சில் இன்னொன்றையும் கேளுங்கள்: பச்சைக்கு வந்த பிள்ளையின் வீட்டுக்கு அடுத்து என்ன வழி? "இறுக்குங்க" என்று எத்தனை தாய்மார் கேட்டார்கள் என மாதாமாதம் குறித்து, பெயர் போடாமல் அறிக்கையில் சேருங்கள். நிதி கேட்கப் போகிறவர் கையில் அந்த எண்ணிக்கை இருக்க வேண்டும்.

திரும்பிப் போவதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். லீவை நீட்டிக் கேளுங்கள். இரண்டு மாதம் தூக்கமில்லை என்றால் மனநல மருத்துவரை நேரில் பார்த்துவிடுவது நல்லது. அதற்குத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள். காரணம் சொல்லியிருக்க மாட்டீர்கள். பையில் அந்த நாடா ஒன்று கிடந்தால் எடுத்து, 11.5இல் வளைத்து, அம்மா கையில் கொடுங்கள். எவ்வளவு சின்ன வளையம் என்று அவரே பார்ப்பார்.