ட்யூனர் கார்டு பதிவு: ஃப்ரேம் விழுவது எதனால்?

கணினியில் டிவி பார்க்கவும் பதியவும் உதவும் ட்யூனர் கார்டில் ஒரு மணி நேர நிகழ்ச்சியைச் சுருக்காமல் பதிந்தால் 75 ஜிபி ஆகிறது, பதிவின்போதே எக்ஸ்விட்டில் (வீடியோவைச் சுருக்கும் கோடெக்) சுருக்கினால் ஃப்ரேம் விழுகிறது, அதாவது சில படங்கள் பதிவாகாமல் விடுபடுகின்றன என்கிறீர்கள். கணக்கு சரிதான். பால் (PAL) என்னும் டிவி ஒளிபரப்பு முறையில் 720×576 புள்ளிகள், நொடிக்கு 25 ஃப்ரேம், சுருக்காமல் எடுத்தால் நொடிக்கு 20 எம்பிக்கு மேல் வரும். கார்டைக் குறை சொல்லாதீர்கள். பதிவு ஓடும்போதே எக்ஸ்விட் என்றால் பழைய பிராசசர் திணறத்தான் செய்யும்.

வர்ச்சுவல்டப் என்ற வீடியோ பதிவு மென்பொருளில், தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்யுவ் கோடெக் போட்டுப் பதிவு செய்யுங்கள். தரம் குறையாமல் அளவு ஏறக்குறைய பாதியாகும். அப்புறம் இரவில் சாவகாசமாக எக்ஸ்விட்டை இரண்டு பாஸில் (முதல் சுற்றில் அலசி, இரண்டாவதில் சுருக்குவது) ஓடவிடுங்கள். டீஇன்டர்லேஸ் (ஒன்றுவிட்டு ஒன்றாக இரு பகுதிகளாய் வரும் வரிகளை முழுப் படமாக்குவது) முதலில், படத்தின் நீள அகலத்தைக் குறைப்பது பிறகு. வரிசை மாறினால் அசையும் இடங்களில் வரும் கோடுகள் படத்தோடு கலந்துவிடும், எடுக்கவே முடியாது.

ஒருமுறை பார்த்துவிட்டு அழிக்கப்போகிற சீரியலுக்கு இவ்வளவு பாடு எதற்கு? 352×288 அளவில் பதிந்தாலே போதும்.