கண் கலங்கியதா, கணக்கைக் கேளுங்கள்

கேள்வி: ஏழைக் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றை டிவியில் பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கண் கலங்கிவிட்டது. பெரிய நட்சத்திரங்கள் எல்லாம் வந்து பேசினார்கள். நம்பிப் பணம் அனுப்பலாமா?

பதில்: கண் கலங்கியதா? கலங்கத்தான் செய்யும். அதற்கென்றே படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பின்னால் பியானோவை இழையவிட்டு உங்கள் முன்னால் வைக்கிறார்கள். அடுத்த முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கேமரா முதலில் புழுதி படிந்த சின்னக் கால்விரல்களைக் காட்டும், அப்புறம் மெல்ல மேலேறி முகத்துக்கு வந்து கண்ணிலேயே நின்றுவிடும், இனி பார்க்க முடியாது என்று நாம் தலையைத் திருப்பப் போகும் நேரத்தில் சரியாகக் கீழே தொலைபேசி எண் ஓடும். அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். இந்தப் பின்னணி இசை விஷயத்தை இதே பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், வாசகர்கள் சிலருக்கு அலுத்தும் போயிருக்கும். பரவாயில்லை, மறுபடியும் சொல்கிறேன்: பசியைக் காட்ட இசை தேவையில்லை.

ஒரு முகத்தை மட்டும் காட்டுவதற்கும் காரணம் உண்டு. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆப்பிரிக்கச் சிறுமி ஒருத்தியின் படத்தையும் கதையையும் ஒரு குழுவிடம் கொடுத்தார்கள். பல லட்சம் பேர் பட்டினி என்ற புள்ளிவிவரத்தை இன்னொரு குழுவிடம் கொடுத்தார்கள். சிறுமிக்கு ஆளுக்குச் சராசரியாக 2 டாலருக்கு மேல் நன்கொடை கிடைத்தது, புள்ளிவிவரத்துக்கு ஒரு டாலரைக் கொஞ்சம் தாண்டியது. மூன்றாவது குழுவுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, சிறுமிக்கு மட்டும் கிடைத்ததைவிடக் குறைவாகவே வந்தது. யோசித்துப் பாருங்கள், விவரம் கூடக் கூடக் கை சுருங்குகிறது! நிதி திரட்டுவதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்த நிகழ்ச்சியில் உங்களுக்கு முகம் கிடைத்தது, விவரம் கிடைக்கவில்லை.

அந்தக் குழந்தையின் வறுமை நிஜம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வறுமை, பணம் கேட்கிறவரின் நாணயத்துக்குச் சாட்சி ஆகாது. 2015இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து நான்கு புற்றுநோய் அறக்கட்டளைகள் மீது வழக்குப் போட்டன. நான்கையும் நடத்தியவர்களில் பலர் ஒருவருக்கொருவர் உறவு. நோயாளிகளின் பெயரைச் சொல்லி ஐந்து ஆண்டுகளில் திரட்டியது 18 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். அதில் காரும் உல்லாசக் கப்பல் பயணமும் கல்லூரிக் கட்டணமும் போக நோயாளிகளுக்குச் சேர்ந்தது அற்பம் என்பது குற்றச்சாட்டு. இத்தனைக்கும் புற்றுநோய் பொய்யில்லை, நோயாளிகளும் பொய்யில்லை.

நட்சத்திரங்கள் வந்தார்கள் என்கிறீர்களே, அவர்கள் வந்ததற்கு அர்த்தம் அவர்கள் வந்தார்கள் என்பது மட்டும்தான். அவர்களில் எத்தனை பேர் அந்த அமைப்பின் ஆண்டறிக்கையைப் புரட்டியிருப்பார்கள்? பிரிட்டனின் காமிக் ரிலீஃப், நட்சத்திரங்களை வைத்தே வளர்ந்த, நல்ல வேலைகள் பலவும் செய்த அமைப்பு. அது நிதியைச் செலவிடும்வரை போட்டுவைத்திருந்த முதலீடுகளில் புகையிலை, மது, ஆயுத நிறுவனங்களின் பங்குகளும் இருந்தன என்று 2013இல் பிபிசியே வெளியிட்டது. எந்த பிபிசி? காமிக் ரிலீஃபின் நிதி திரட்டும் நிகழ்ச்சியை ஆண்டுக்கணக்கில் ஒளிபரப்பிய அதே பிபிசி. விஷயம் வெளியே வந்த பிறகு அமைப்பு தன் முதலீட்டுக் கொள்கையை மாற்றிக்கொண்டது. 2020இல், இனிமேல் ஆப்பிரிக்காவுக்கு நட்சத்திரங்களை அனுப்பிப் படமெடுக்க மாட்டோம், அந்தந்த ஊர்ப் படைப்பாளிகளே எடுப்பார்கள் என்றும் அறிவித்தது. கேள்வி கேட்டால் திருந்துகிற அமைப்புக்கு நான் மரியாதை தருவேன். கேட்டவனையே ஏழைகளின் எதிரி என்று ஏசுகிற அமைப்புக்கு ஒரு காசு கொடுக்க மாட்டேன்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். 1984 அக்டோபரில், பஞ்சத்தில் தவித்தவர்கள் தங்கியிருந்த எத்தியோப்பியாவின் கோரம் முகாமிலிருந்து பிபிசி நிருபர் மைக்கேல் பியூர்க் அனுப்பிய செய்தியைப் பார்த்து உலகம் அழுதது. அடுத்த ஜூலையில் அவர்களுக்கு நிதி திரட்ட லண்டனிலும் பிலடெல்பியாவிலும் லைவ் எய்ட் இசை நிகழ்ச்சி நடந்தது. பசி உண்மை, அழுகையும் உண்மை, அந்த உதவியால் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் வறட்சியைப் பற்றிப் பேசிய அளவுக்கு அங்கே நடந்த உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசவில்லை. அப்போது அந்த நாட்டை ஆண்ட மெங்கிஸ்துவின் ராணுவ அரசு வடக்கே இருந்த மக்களை வண்டியிலும் விமானத்திலும் ஏற்றிக் கொண்டுபோய், வேறொரு மூலையில் கட்டாயமாகக் குடியேற்றிக்கொண்டிருந்தது. நிவாரண உதவி இதற்கும் பயன்படுகிறது என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு வாய் திறந்து சொன்னது. 1985 டிசம்பரில் அவர்களை நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். அந்த நிலைமையை மாற்ற எந்தப் பாட்டுக்கும் திராணி இருக்கவில்லை. இவர்கள் ஏன் பசியோடு இருக்கிறார்கள், யாரால், எதனால் என்று ஒரு வரிகூடச் சொல்லாத வேண்டுகோளை நான் அதற்குப் பிறகு நம்புவதில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்லி முடித்துக்கொள்வது எல்லோருக்கும் வசதி.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? உடனே ஒருவர் வந்து, நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று பார் என்பார். இந்தச் சதவீதக்காரர்களோடு எனக்குப் பழைய சண்டை. தணிக்கையாளர் வைத்தால் செலவு, மருந்து போய்ச் சேர்ந்ததா என்று ஆள் அனுப்பிப் பார்த்தால் செலவு. இதையெல்லாம் செய்யாதவன் கணக்கில்தான் அந்தச் சதவீதம் அழகாக இருக்கும். அறக்கட்டளைகளை மதிப்பிடுகிற அமெரிக்க அமைப்புகள் மூன்று, அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று 2013இல் சேர்ந்து கடிதமே எழுதின. எண்ணைச் சின்னதாக்கக் குறுக்குவழியும் உண்டு: நன்கொடை கேட்டு அனுப்பிய கடிதச் செலவை 'விழிப்புணர்வுப் பணி' என்று எழுதிவிடலாம், இலவசமாக வந்த மருந்துக்கு இஷ்டத்துக்கு விலை போட்டுச் சேவைக் கணக்கில் ஏற்றிவிடலாம்.

நான் பார்ப்பது போன தடவை வாங்கிய பணம் எங்கே போனது என்பதை. அன்று திரையில் ஏறிக்கொண்டே போன தொகை பெரும்பாலும் மக்கள் தருவதாகச் சொன்னது. அதில் எவ்வளவு கைக்கு வந்தது, எவ்வளவு செலவானது, எந்த ஊரில், எதற்கு, மிச்சம் எங்கே இருக்கிறது? திட்டமிட்டதில் எது நடக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு ஒரு பத்தி இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். அப்புறம் கணக்கின் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் குறிப்புகளுக்குப் போங்கள். அலுவலகக் கட்டடத்துக்கு வாடகை வாங்குவது யார், அச்சு வேலை யாருக்குப் போகிறது, அந்தப் பெயர் அறங்காவலர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டை யாரும் திறந்து பார்க்கலாம். அமெரிக்காவில் பெரும்பாலான அறக்கட்டளைகள் வரித்துறைக்குத் தரும் 990 படிவமும் பொதுவில் இருக்கிறது. எந்த நாடாக இருந்தாலும் பதிவு எண்ணைக்கூடச் சொல்லத் தயங்குகிறவர்களோடு பேச்சே வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிகழ்ச்சி ஓடும்போது அனுப்பாதீர்கள். 'இன்று நள்ளிரவுக்குள்' என்பது அவர்கள் வைத்த கெடு, குழந்தையின் பசிக்கு அப்படி ஒரு கெடு இல்லை, அது அடுத்த வாரமும் இருக்கும். திரையில் வந்த எண்ணுக்கு அல்லாமல் அமைப்பின் பதிவு செய்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள், போன வருடக் கணக்கைக் கேளுங்கள். கிடைத்து, படித்து, மனம் ஒப்பினால் தாராளமாகக் கொடுங்கள், முடிந்தால் மாதாமாதம் கொடுங்கள், ஏனென்றால் கேமரா போன பிறகும் அங்கே சாப்பாடு வேண்டும். கணக்கு வரவில்லையென்றால் அந்தப் பணத்தை அப்படியே எடுத்து, கணக்குக் காட்டுகிற வேறொரு அமைப்புக்கு அனுப்புங்கள். தயவுசெய்து ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு பணத்தைத் திரும்பப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.